நிற்கத் தெரியாத சைக்கிள்

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியிலோ, கொல்லைத் தாழ்வாரத்திலோ பழைய சைக்கிள் ஒன்று சாத்திக் கிடக்கிறதா? கிடந்தால் இதைப் படியுங்கள். கிடக்காவிட்டாலும் படித்து வையுங்கள். பழைய சைக்கிளும் தூரத்து உறவும் ஒன்றுதான்; இல்லை என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு கறுப்பு ஹெர்குலிஸ். முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள் அல்லவா, அவர்களுடைய அம்பத்தூர் ஆலையில் பிறந்தது. என் கணவர் அதை 1968-ல் வாங்கினார். வேலூரிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிக்குத் தினமும் அதில்தான் போய் வந்தார். அவர் காலமான பிறகு அதை விற்க எனக்கு மனம் வரவில்லை. ஓட்டுவார் இல்லாமல் அப்படியே நின்றது.

சென்ற வருஷம் என் பேத்தி அதை வெளியே இழுத்தாள். அவளுக்கும் காட்பாடிப் பக்கம்தான் உத்தியோகம். "பஸ்ஸிலே தொங்கிக்கிட்டுப் போக என்னாலே ஆகாது பாட்டி. ஸ்கூட்டருக்கு மாசா மாசம் கடன் கட்டவும் வேண்டாம். தாத்தா சைக்கிள் போதும்" என்றாள். என் மருமகளுக்குத்தான் அது ரசிக்கவில்லை. நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளைப் பெண் ஓட்டிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றாள். புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்களில் சிலர் ஆண்கள் சைக்கிள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ஏன் தெரியுமா? அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமாம்! இதைச் சொன்னதும் மருமகள் வாயடைத்துப் போனாள். அல்லது என்னோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டாளோ என்னவோ.

சைக்கிளைக் கடைக்கு அனுப்பி 'ஓவராயில்' செய்தோம். டயர், டியூப் புதிது. பால்ரஸ் புதிது. செயின் புதிது. சீட்டுக்கு மெத்தை வைத்த உறை. கறுப்பு வர்ணம் இரண்டு கை. மணி ஒன்று, அதை அடித்தால் கோட்டை அகழியில் இருக்கும் கொக்குகூட எழுந்து பறக்கும். எல்லாம் முடிந்து வந்த சைக்கிளைப் பார்த்தால் கல்யாணப் பிள்ளை மாதிரி இருந்தது. "பிரேக்?" என்று கேட்டேன். "பிரேக் நல்லாத்தாம்மா பிடிக்குது" என்றார் கடைக்காரர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சைக்கிளை அழகு பண்ண நம்மவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிப்பார்கள். பிரேக்குக்குச் செலவழிக்கச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கும். ஓடுவதற்குத்தானே சைக்கிள், நிற்பதற்கு எதற்குப் பணம் என்று நினைப்பு. அந்தக் காலத்தில் விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். பிரேக் இல்லாமல் போகிறவனை யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை. பிடிக்கவும் முடியாது, அவன்தான் நிற்க மாட்டானே!

ஒரு மாதம் நன்றாகப் போயிற்று. ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் இடி மழை. "வேலூரில் மழையா?" என்று நீங்கள் சிரிக்கலாம். 'வெயிலூர்' என்று எங்கள் ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். பாலாற்றைத் தண்ணீரில்லாத ஆறு என்கிறீர்கள். 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதை வந்து பார்த்திருந்தால் சிரிக்க மாட்டீர்கள். பகலெல்லாம் காய்ச்சிவிட்டுச் சாயங்காலம் திடீரென்று கொட்டுவது எங்கள் ஊர் மழையின் குணம். சரியாக ஆபீஸ் விடும் நேரத்துக்கு வரும்.

பேத்தி எட்டு மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கால் செருப்பின் அடி பிய்ந்து தொங்கியது.

"காட்பாடி ரயில்வே மேம்பாலத்துச் சரிவிலே இறங்கினேன் பாட்டி. முன்னாலே போன ஆட்டோ நின்னுடுச்சு. ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சேன். பிடிச்ச மாதிரியே இல்லை. வண்டி பாட்டுக்குப் போகுது!"

"அப்புறம் எப்படி நின்றாய்?"

"செருப்பைத் தேய்ச்சுத்தான்."

அன்றிரவு எங்கள் வீட்டில் ஒரு மகாநாடு நடந்தது. சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட வேண்டும் என்று என் மகன் தீர்மானம் கொண்டுவந்தான். மருமகள் ஆமோதித்தாள். பேத்தி அழவில்லை, சாப்பிடவில்லை. நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். வெயிலில் நிற்கிற சைக்கிள் மழையில் ஏன் நிற்கவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் ஒன்றைத் தூக்கி எறிவது எனக்குப் பிடிக்காத காரியம்.

அந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீங்கள் சைக்கிள் ஓட்டாதவராக இருந்தாலும், உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ ஓட்டிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று பார்க்கிறவர் அல்லவா?

இந்தப் பழைய சைக்கிளின் பிரேக்கில் ஒயர் கிடையாது. எல்லாம் கம்பி. கைப்பிடிக்கு அடியில் இருக்கும் கம்பியை விரலால் மேலே இழுத்தால், ஒன்றோடொன்று கோத்த கம்பிகள் வழியாக அந்த இழுப்பு சக்கரத்துக்குப் போகிறது. அங்கே லாடம் போன்ற ஒரு வளைவு டயரின் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும். அதன் முனைகளில் இரண்டு பிரேக் கட்டைகள். ரிம்மின் உள்பக்கத்தை, அதாவது போக்ஸ் கம்பிகள் புறப்படும் பக்கத்தை, அவை அழுத்திப் பிடிக்கும். கெட்டியான ஏற்பாடுதான். ஒயர் அறுந்தது, ஒயர் துருப்பிடித்தது என்ற தொல்லை இதில் கிடையாது.

ஆனால் அதில் கெட்டுப்போக நாலு இடம் உண்டு. ரப்பர் கட்டை வயசானால் இறுகிக் கல்லாகிவிடும். எங்கள் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம். நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழாவிட்டால் அது கட்டையல்ல, கல். கம்பிகள் கோத்திருக்கும் மூட்டுகள் தேய்ந்து ஆடினால், நாம் இழுக்கும் இழுப்பில் பாதி அந்த ஆட்டத்தை அடக்குவதற்கே போய்விடும். சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் கோணினால் இந்தப் பிரேக் பொறுத்துக்கொள்ளும். மேலும் கீழுமாகக் கோட்டம் இருந்தால் பொறுக்காது. ஒரு சுற்றில் ஓரிடத்தில் முட்டும், இன்னோரிடத்தில் தொடவே தொடாது. நாலாவது, எண்ணெய். அச்சுக்கு விடுகிற எண்ணெய் வழிந்து ரிம்மில் படிந்திருக்கும். அதை மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார்கள். மண்ணெண்ணெயும் ஒரு எண்ணெய்தானே! சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைப்பதுதான் சரி.

எங்கள் ஹெர்குலிஸுக்கு இந்த நாலு வியாதியும் இருந்தன. வேறொரு கடையில், வயசான ஒருவரிடம், நான் எதிரிலேயே உட்கார்ந்து நாலையும் சரிசெய்யச் சொன்னேன். கோட்டம் எடுத்தார். மூட்டுகளுக்குப் புது ஆணி போட்டார். பழைய கட்டைகளை எறிந்துவிட்டு மிருதுவான புதுக் கட்டை போட்டார். தெருவில் ஓட்டிப் பார்த்தால், அடடா, பிடித்த இடத்தில் நின்றது. ஒரு குடம் தண்ணீரை ரிம்மில் கொட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். சமாசாரம் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பக் கழகத்தில் 1971-ல் இதைச் சோதித்திருக்கிறார்கள். அங்கே பேராசிரியராக இருந்த டேவிட் கார்டன் வில்சனின் 'பைசிக்கிளிங் சயன்ஸ்' புத்தகத்தில் அந்தக் கணக்கு வருகிறது. அன்று வழக்கத்தில் இருந்த சைக்கிள் பிரேக் நனைந்தால், அதன் பிடி காய்ந்த நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறதாம். முழு பலத்தோடு அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் சுமார் 30 சுற்றுச் சுற்றிய பிறகுதான் பிடி திரும்ப ஆரம்பிக்கிறதாம். 30 சுற்று என்றால் 200 அடி! மேம்பாலத்துச் சரிவில் 200 அடிக்குள் என்னவெல்லாம் நடக்கலாம் என்று நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போயிற்று.

காரணம் கட்டையில் பாதி, ரிம்மில் பாதி. நம் சைக்கிள்களின் இரும்பு ரிம்முக்குக் குரோமியப் பூச்சுப் போட்டுக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்க லக்ஷணம்தான். ஆனால் ஈரமான எவர்சில்வர் தவலையை ஈரக் கையால் தூக்கிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். கைக்கும் பாத்திரத்துக்கும் நடுவே தண்ணீர் ஒரு படலமாக நிற்கிறது. அதே தவலையைப் பிடிதுணியால் பிடித்தால் நழுவாது. துணி அந்தத் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. பிரேக்குக்கு வேண்டியது அப்படி ஒரு பிடிதுணி.

புதுமாதிரி பிரேக்கே மாற்றிவிட்டால் என்ன என்றும் விசாரித்தேன். இக்காலத்துச் சைக்கிள்களில் ரிம்மை இரண்டு பக்கத்திலிருந்தும் இடுக்கிப் பிடிக்கிற பிரேக் வருகிறது. நம் பழைய ரிம்முக்குப் பக்கம் உருண்டையாக இருப்பதால் அது உட்காராது. டிஸ்க் பிரேக் மாட்ட இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அச்சுக்குள்ளேயே பிரேக் வைத்த டிரம் இருக்கிறது. மழை உள்ளே போகாது. அதுதான் உத்தமம் என்பது என் அபிப்பிராயம், பணம் இருக்கிறவர்கள் அதைப் போடலாம். ஆனால் பழைய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. அதற்கேற்ற துளையுள்ள டிரம் தேட வேண்டும், சக்கரத்தை முதலிலிருந்து கட்ட வேண்டும், கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு ஒயர் இழுக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் எதிர்வீட்டு பாய் வந்தார். ஆம்பூரில் முப்பது வருஷம் ஷூ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் எங்கள் மாவட்டத்தை விட்டுத் திருப்பத்தூரோடு போய்விட்டது. ஆனால் தோல் வேலையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எல்லாம் இன்னும் ஒரே குடும்பம்தான். திண்ணையில் கிடந்த பிய்ந்த செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, ரப்பர் கட்டை நிறுத்தாத வண்டியை இந்தத் தோல் நிறுத்தியிருக்குதே!"

எனக்குப் பொறி தட்டியது. இங்கிலாந்தில் இதைத்தானே செய்தார்கள்! மழைக்குப் பேர்போன தேசம். வேல்ஸில் ரெக்ஸாம் ஊரைச் சேர்ந்த ஃபைப்ராக்ஸ் கம்பெனி, ரப்பர் கட்டையின் முகத்தில் குரோம் தோலைப் பதித்துப் பிரேக் கட்டை விற்றது. ராலே சைக்கிள்களிலும் தோல் முகம் வைத்த கட்டைகள் வந்தன. குரோமியப் பூச்சுள்ள இரும்பு ரிம் மழையில் வழுக்குவதற்கு அவர்கள் கண்ட மருந்து அது. தோல் நார்நாராக இருப்பதால் தண்ணீர்ப் படலத்தைத் துடைத்துக்கொண்டே பிடிக்கிறது. தேசதேசாந்தரமெல்லாம் தோல் அனுப்புகிற எங்கள் பக்கத்தில், நான் விசாரித்த ஒரு கடையிலும் அப்படி ஒரு கட்டை கிடைக்கவில்லை.

"நான் செய்து தர்றேன்" என்றார் பாய். "ஆனா எந்தத் தோலும் ஆகாது."

அதிலும் விஷயம் இருக்கிறது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுவது பழைய முறை. அந்தத் தோல் நனைந்து காய்ந்தால் விறைத்துக்கொள்ளும். குரோமிய உப்புப் போட்டுப் பதனிட்ட தோல் ஈரத்தையும் தாங்கும், சூட்டையும் தாங்கும். நல்ல குரோம் தோல் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. பிரேக் பிடிக்கும்போது கட்டை சுடும் என்பதால் அதுதான் வேண்டும். அதிலும் ஷூவின் மேல்பாகத்துக்காக எண்ணெய்ப் பசை ஏற்றிய தோல் உதவாது, வழுக்கும்.

குரோம் என்றதும் உங்களில் சிலருக்குப் பாலாறு ஞாபகம் வரும். வர வேண்டியதுதான். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த மனுவின் பேரில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அசுத்தம் செய்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தை இந்தியா முழுவதுக்கும் நிலைநாட்டிய தீர்ப்பு அது. எங்கள் ஊர்த் தோலைப் பற்றிப் பெருமையாக எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத என் பேனா சம்மதிக்கவில்லை. பாய் எடுத்துக்கொண்டது புதுத் தோல் அல்ல. ஷூவுக்கு வெட்டி மிஞ்சிய துண்டு.

அவர் செய்த விதத்தைச் சொல்கிறேன். புது ரப்பர் கட்டையின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். தோல் துண்டின் உள்பக்கத்தையும் அப்படியே. ஷூவுக்குப் போடும் சொல்யூஷன் தடவி ஒட்டி, ஒரு ராத்திரி பூராவும் கல்லுக்கு அடியில் வைத்தார். மறுநாள் தோலின் இரண்டு நுனியையும் ரப்பருக்கு அடியில் மடித்து, கட்டை உட்காரும் இரும்புக் கூட்டுக்குள் சேர்த்து அழுத்திவிட்டார். "ஒட்டு விட்டுப்போனாலும் கூடு விடாது" என்றார். முன்சக்கரத்துக்கு மட்டும் தோல். பின்சக்கரத்தில் வெறும் ரப்பரே இருக்கட்டும், ஒன்று கைவிட்டால் ஒன்று வேண்டும் என்றார். எனக்கு அவர் தோல் வேலையைவிட இந்த யோசனைதான் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் பரீட்சை. குழாயடிக்கு வந்ததும் பிரேக் பிடிக்க வேண்டும். எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அதுதான் மார்க்கு. பேத்தி ஓட்டினாள். முன் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு. தெருப் பையன்கள் சொம்பும் கையுமாக ரிம்மை நனைக்க நின்றார்கள். முதலில் ஓவராயில் காலத்துப் பழைய கட்டையையே மாட்டினோம். நனைந்த ரிம்மில் அது எங்கள் வீட்டைத் தாண்டி, தையற்காரர் வீட்டைத் தாண்டி, இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் போய், அதுவும் பேத்தி காலை ஊன்றி நின்றது. புது ரப்பர் தையற்காரர் வாசலைத் தாண்டிப் போயிற்று. தோல் வைத்ததும் எங்கள் வாசலிலேயே நின்றது. மூன்று தரம் ஓட்டினோம், மூன்று தரமும் எங்கள் வாசல்தான். பையன்கள் கைதட்டினார்கள். இஸ்திரிக்காரருக்கு மட்டும் ஏமாற்றம். அவர் வண்டியை முன்ஜாக்கிரதையாகத் தள்ளி வைத்திருந்தார்.

இதைப் படித்துவிட்டு நீங்களே கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். ஒட்டுவது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை; பிரேக்கில் அரைகுறை வேலை பிராணாபத்து. அலுமினிய ரிம் உள்ள சைக்கிளுக்குத் தோல் கூடவே கூடாது. தோலில் மண் பதிந்து, அரம் மாதிரி ரிம்மைத் தின்றுவிடும். காய்ந்த நாளில் தோல் ரப்பரைவிட ஒன்றும் உசத்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமயத்தில் பூனை மாதிரி ஒரு முனகல் வேறு முனகும். தோல் கிடைக்காதவர்கள் அந்த நாலு வியாதியையும் சரிசெய்து கொண்டாலே பாதி அபாயம் குறையும். பாக்கிப் பாதிக்கு, மழையில் மெதுவாகப் போவதுதான் வழி.

முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற பயம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். இந்த மாதிரி நீளமான, நிமிர்ந்து உட்காரும் சைக்கிள் லேசில் கவிழாது. இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். பேத்தி இப்போது அப்படித்தான் செய்கிறாள். மேம்பாலத்துச் சரிவில் இறங்குவதற்கு முன்னாலேயே தொட்டுப் பிடித்துக்கொள்கிறாளாம். மழை நாளில் அவள் வருகிற நேரத்துக்கு மருமகள் வாசலில் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் கட்டையைக் கழற்றித் தேய்மானம் பார்க்க வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்குள் பின்சக்கரத்துக்கும் தோல் வைத்துவிடுவதாக ஏற்பாடு. அதற்குள் எங்கள் பால்காரரும் தன் சைக்கிளைக் கொண்டுவந்து அவர் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். கேரியரில் இரண்டு பெரிய கேன் கட்டிக்கொண்டு போகிறவர். அந்தப் பாரத்துக்கு ஒட்டுத் தோல் தாங்குமா என்று பாய் யோசித்துக் கொண்டிருக்கிறார். முதலில் கோட்டம் எடுத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார் என்றுதான் நினைக்கிறேன்.